பிடித்தம்

மாதக் கடைசியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் சம்பளத்தில்
கை வைப்பது என் வேலை.
பி.எஃப்., இ.எஸ்.ஐ., தாமத வருகை, கேன்டீன் டோக்கன்.
அம்பத்தூர் எஸ்டேட்டில்
ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் கம்பெனி.
யாராவது ஜன்னலில் வந்து நிற்பார்கள்:
"எதுக்கு மேடம் நானூத்தி அறுபது?"
காகிதத்தைத் திருப்பிக் காட்டுவேன், வரி வரியாக.
தலையாட்டிப் போவார்கள்.

பெரியமேட்டு உள்ளரங்கில் அந்த ஞாயிறு
பலகையில் ஏழு புள்ளி நான்கு எரிந்தபோது
ஜன்னலுக்கு வெளியே நின்றது நான்.
ஆனால் ஜன்னல் இல்லை.
செய்யும் வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு
முறையீடு உண்டாம்;
எவ்வளவு சுத்தம் என்பதற்குக் கிடையாதாம்.
பத்திலிருந்து இரண்டு புள்ளி ஆறு.
எடுத்தவர்கள் நால்வரும்
பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
தன்ஷிகா ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு
பொடி இட்லி தின்றாள்.

இரவு, கொரட்டூர். மின்விசிறி மூன்றில்.
போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து
எண்பத்தெட்டு வினாடிகளை
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
சிவப்புப் பேனா.

முழங்கால் மடங்கல், மூன்று.
தாவலில் கால்கள் நேர்கோடாக விரியவில்லை, மூன்று.
பாத நுனி, நாலு இடத்தில், ஒவ்வொன்று.
சுழலும்போது தடுமாற்றம்.
இறங்கியதும் ஒரு சின்ன அடி, பிறகு ஒரு பெரிய அடி,
பஸ் பிரேக் போட்டால் நாம் வைப்பதுபோல.
கோட்டுக்கு வெளியே குதிகால்: அது தனிக் கணக்கு.

ஒன்று புள்ளி எட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை.
அவள்தான் எழுந்து வந்தாள், தலையில் துண்டோடு.
"இங்க பாரு, நெஞ்சு தொங்குது.
இங்க கால் ரெண்டும் ஒட்டல.
இது, வாய்."
வாயா?
"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டே ஆடறேன்.
உதடு அசையுது.
பாட்டுல வார்த்தை வரக் கூடாது, வந்தா ஒரு முழுப் பாயிண்ட்.
என் வாயில வந்தா எவ்ளோன்னு தெரியல."
சிரித்தாள். எனக்கு வரவில்லை.

ஆறு தேடிக் கொடுத்தாள்.
மீதி இரண்டு இன்றுவரை தேறவில்லை.
ஆடிட்டில் விட்டுப்போன பைசாபோல
நோட்டில் அப்படியே கிடக்கிறது.

பிறகு மொட்டை மாடி.
பன்னிரண்டு மீட்டர் வேண்டும்; எங்களுடையது ஒன்பது,
அதிலும் ஒரு மூலையைத் தண்ணீர்த் தொட்டி தின்றுவிட்டது.
குட்டிக்கரணத்துக்கெல்லாம் ரெஜினா மிஸ்ஸின் மெத்தை;
இங்கே கைகளும் திரும்பல்களும் மட்டும்.
சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.
ஐப்பசி மழை அழித்தது. போட்டேன்.
தவில் மட்டும் அடிக்கும் அந்த இசையை
கீழ்வீட்டு ஃபிலோமினாக்கா
பால் பொங்கும்போது முணுமுணுக்கிறார்.
முழங்கால் நேரானது. பாத நுனி, ஏறக்குறைய.
உதடு மூடிக்கொண்டது;
இப்போது மூக்கால் எண்ணுகிறாள்.

மிஞ்சியது மூலை.
கடைசி ஓட்டத்துக்கு முன்
முதுகு காட்டாமல், கை இடுப்பில் இல்லாமல்,
மூன்று வினாடி நிற்கிறாள்.
இரண்டைத் தாண்டினால் பாயிண்ட் ஒன்.
"இதை எடுத்துடலாம், சுலபம்," என்றேன்.
நிறுவனத்துக்கு மிச்சம் பிடிக்கும் குரல் அது,
எனக்கே கேட்டது.

"அது வேணும்மா."
"எதுக்கு?"
"அங்கதான் மூச்சு விடறேன்.
மத்த எல்லாம் அவங்களுக்கு.
அது எனக்குப் பிடிக்கும்.
பிடிச்சுக்கட்டும்."

தொட்டியின் மேல் ஒரு காகம்
வெறுமனே உட்கார்ந்திருந்தது.

கோயம்பேடு பள்ளி ஒன்றில் அடுத்த போட்டி.
வைத்திருந்த சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை
என்று சொன்னால் பொய். திறந்தேன்.
இறங்கியபோது ஒரு சின்ன அடி: எழுதினேன்.
பிறகு அவள் மூலைக்கு வந்தாள்.
ஒன்று. இரண்டு.
மேசையில் ஒரு நடுவரின் கை குனிந்து ஏதோ குறித்தது.
மூன்று.
என் மகளின் விலா எலும்புகள்
விரிந்து, மூடின.

நானும் மூச்சு விட்டேன்,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி.
ஓடத் தொடங்கினாள்.